பெயர் கேட்காத பெட்டகம்

நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள், தம் தந்தையார் விட்டுச் சென்ற கடனைப் பற்றிப் பேசுவதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லம் சென்று கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து வினா வந்தது. நான் என்று மட்டும் விடை சொன்னார்கள். அந்த விடையைப் பெருமானார் விரும்பவில்லை என்று புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவர் எல்லாருமே ‘நான்’தான், அச்சொல்லால் எவரும் இன்னார் என்று அறியப்படுவதில்லை. கடன் பேச வந்த இடத்தில் பெயரில்லாமல் ஒரு பேச்சும் நடவாது.

வீடுகளில் அனுமதி கேட்டு நுழையும் ஒழுக்கத்தைப் பாடம் சொல்லும்போது மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த ஹதீஸை ஓதிக் காட்டுகிறேன். அண்மைக் காலமாக இதை ஓதும்போதெல்லாம் வேறொரு கதவு என் நினைவில் எழுகிறது. பெயர் வேண்டாம், ஆதார் வேண்டாம், பான் அட்டை வேண்டாம், முகப்படம் வேண்டாம், பணத்தை மட்டும் போடு என்று அழைக்கின்ற கதவு அது. கைப்பேசிக்குள் திறக்கும் அந்தக் கதவைத் தேடி நம் வாலிபர்கள் அலைகிறார்கள். ‘கே.ஒய்.சி. கேட்காத கிரிப்டோ நிலையம் எது?’ என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன், அடையாளம் காட்டிப் பணம் போடுகிறவன் ஏமாளி என்ற எண்ணம் பரவிவருகிறது. இது நகரத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் இருந்துவிட முடியாது. ஆண்டிமடம் பக்கத்து வரதராஜன்பேட்டையிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு. பிள்ளையின் உழைப்பு எந்த வழியாக வீடு வந்து சேர்கிறது என்ற கேள்வி அந்த வீடுகள் எல்லாவற்றின் கேள்வி.

கிரிப்டோ நாணயம் மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018-இல் பிட்காயின் கொடுக்கல் வாங்கல் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021-இல் அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. நிபந்தனைகளோடு ஆகும் என்போரும் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதற்கு முந்திய ஒன்று. நாணயம் எதுவாயினும், தன் பெயரைச் சொல்லாமல், எதிரே இருப்பவன் பெயரையும் அறியாமல் அதை ஒப்படைப்பது அறிவுடைமையாகுமா? ஆகாது என்பதே என் வாதம். பெயர் கேட்காத பெட்டகம் பணம் போட்டவனுக்குக் காவல் செய்வதில்லை. பெட்டகக்காரனுக்கே காவல் செய்கிறது.

எண்ணுக்குச் சாட்சி உண்டு, ஆளுக்கு இல்லை

சட்டோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எவரோ 2008 அக்டோபர் 31-இல் வெளியிட்ட ஒரு திட்டவரைவிலிருந்து பிட்காயின் பிறந்தது. 2009 ஜனவரி 3-இல் அது நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் அதில் பிறக்க முடியாது என்பது அதன் விதி. வங்கியோ, நாணயச் சாலையோ, அரசனின் முத்திரையோ அதற்கில்லை. உலகெங்கும் பரவியுள்ள கணினிகள் சேர்ந்து ஒரே பேரேட்டை எழுதிவருகின்றன. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு எவ்வளவு போயிற்று என்பது அந்தப் பேரேட்டில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கிறது.

இங்கேதான் வாலிபர்கள் முதல் தடவை தடுக்கி விழுகிறார்கள். இதை இரகசியப் பணம் என்று எண்ணுகிறார்கள். நம் மளிகைக் கடைப் பற்று வரவேட்டைவிட இது வெளிச்சமானது. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் என்ற நிலையத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிட்காயின் திருடு போயிற்று. திருடியவர்கள் அதைப் பல எண்களில் பிரித்து, சுற்றிச் சுற்றி அனுப்பினார்கள். ஆறாண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், நியூயார்க் நகரில் கணவனும் மனைவியும் கைதாயினர்; 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயினை அமெரிக்க அரசு கைப்பற்றியது. கள்வனின் தடத்தைப் பேரேடு அழித்துவிடவில்லை. அரசாங்கம் விரும்பினால் பின்தொடர முடிகிறது. பின்தொடர முடியாமல் நிற்பவன் சாதாரண மனிதன் மட்டுமே.

பேரேடே சாட்சிதானே, பெயர் எதற்கு என்று கேட்பார் உண்டு. அந்தப் பேரேடு எண்ணுக்குச் சாட்சி சொல்லும். ஆளுக்குச் சாட்சி சொல்லாது. இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குப் போயிற்று என்று சொல்லும். அது உன் பொருள் என்று சொல்லாது. காழியின் முன்னால் வழக்காடி நிற்பவனுக்கு அந்தச் சாட்சியால் பாதிப் பயன்கூட இல்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம்

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் மதரஸாவின் சிறு பிள்ளையும் சொல்லுவான்: அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று அது. கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணையிட்டுக் கடன் பேசினால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், கடன்பட்டவர் வாசகம் சொல்லட்டும், அவர் இயலாதவராயின் பொறுப்பாளர் சொல்லட்டும், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்ற கருத்துகள் அதில் அடுக்கடுக்காக வருகின்றன. ஒரே ஒரு விலக்குத் தரப்படுகிறது: கையோடு கை மாறி அப்போதே முடிந்துவிடும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை.

ரொக்கப் பணத்திலும் பெயர் எழுதியிருப்பதில்லையே என்று வாதிடும் வாலிபருக்கு இந்த விலக்கிலேயே விடை இருக்கிறது. கடைக்குச் சென்று ரூபாயைக் கொடுத்து அரிசி வாங்குகிறாய். அரிசி உன் கைக்கு வந்தது. ரூபாய் அவர் கைக்குப் போயிற்று. கணக்கு அங்கேயே முடிந்தது. அங்கே பெயர் வேண்டியதில்லை. ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு, நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நீ திரும்பி வருவாயானால், அது அமானிதம். அமானிதத்துக்கு வைத்தவர் பெயரும் வேண்டும். வாங்கி வைத்தவர் பெயரும் வேண்டும். கிரிப்டோ நிலையத்தில் பணம் போடுவது இரண்டாம் வகை. நாணயம் உன் கையில் இல்லை. நிலையத்தார் கையில் இருக்கிறது. உன்னிடம் இருப்பது, நாளைக்குத் தருகிறோம் என்ற சொல் மட்டுமே. அந்தச் சொல்லைச் சொன்னவர் யார்?

மக்கத்துக் குறைஷியர் பெருமானாரைப் பகைத்த காலத்திலும் தங்கள் பொருளை அவர்களிடமே அமானிதம் வைத்திருந்தனர். ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட வேளையில், அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். எந்தப் பொருள் எவருடையது என்று தெரிந்திருந்ததால்தானே அது உரியவரிடம் போய்ச் சேர்ந்தது!

பெயர் உள்ளவர் பெற்ற நியாயம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஏப்ரல் 6-இல் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்தோடு எந்த வங்கியும் தொடர்பு வைக்கலாகாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இவ்வியாபார இலாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடித்தம் வந்தது. 2023 மார்ச் 7-இல் கறுப்புப் பண மாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் இந்நிலையங்கள் கொண்டுவரப்பட்டன. அன்று முதல், வாடிக்கையாளர் இன்னார் என்று சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் அவற்றின் சட்டக் கடமையாயின. அதே ஆண்டு டிசம்பர் 28-இல், பதிவு செய்யாமல் இந்தியரிடம் வியாபாரம் நடத்திய 9 வெளிநாட்டு நிலையங்களுக்கு நடுவண் அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. பைனான்ஸ் என்ற உலகப் பெரும் நிலையம் 2024-இல் 18 கோடியே 82 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கதவுகள் ஒவ்வொன்றாய்ப் பெயர் கேட்கத் தொடங்கிய பிறகுதான், கேட்காத கதவு எது என்ற தேட்டமும் மிகுந்தது.

பதிவு செய்த நிலையமாயினும் களவு போகாதோ? போகும். 2024 ஜூலை 18-இல் வஸீர்எக்ஸ் என்ற இந்திய நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. வடகொரியக் கைவரிசை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. நிலையம் எல்லாக் கணக்குகளையும் முடக்கியது. இழப்பை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்றது.

சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி அதை ஏற்கவில்லை. அவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் 3,532 சொச்சம் வாங்கியிருந்தார். களவு போனது வேறு வகை நாணயம். என் பொருளை ஏன் முடக்குகிறீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். சிங்கப்பூரில்தான் வழக்காட வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. 2025 அக்டோபர் 25-இல் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு சிந்தனைக்குரியது. கிரிப்டோ நாணயம் சொத்து. ஒருவர் உரிமை கொள்ளத்தக்கது. மற்றொருவர் பொறுப்பில் ஒப்படைக்கத்தக்கது என்று அவர் கூறினார். சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது, ஆகையால் இந்த மன்றம் விசாரிக்கலாம் என்றார். வழக்கு முடியும்வரை 9 இலட்சத்து 56 ஆயிரம் ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுக்கும்படி நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு ஆணையிட்டார்.

வாசகர்களே, இந்தப் பெண்மணியின் கையில் இருந்தது என்ன? கணக்கில் அவர் பெயர் இருந்தது. பணம் போனதற்கு வங்கிச் சீட்டு இருந்தது. எதிர்த்தரப்புக்கு ஒரு பெயரும், இந்நாட்டுப் பதிவும், ஆணை சென்று சேரும் முகவரியும் இருந்தன. இந்த மூன்றும் இல்லாதிருந்தால் அவர் எந்த வாசற்படியில் போய் நின்றிருப்பார்? யார்மீது வழக்கு என்று நீதிமன்ற எழுத்தர் கேட்டால் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்? ‘நான்’ என்று சொல்லிப் பணம் கொடுத்தவர், ‘அவன்’ என்று சொல்லியா வழக்குத் தொடுக்க முடியும்?

பெயர் கேட்காதவர்களின் கதை

மறுபக்கத்தையும் பார்ப்போம். பிட்ஸ்லாட்டோ என்று ஒரு நிலையம் இருந்தது. முகப்படமும் கேட்பதில்லை, கடவுச்சீட்டும் கேட்பதில்லை என்பதே அதன் விளம்பரம். 2023 ஜனவரியில் அதன் நிறுவனர் அமெரிக்காவில் மயாமி நகரில் கைதானார், பிரெஞ்சு அரசு கணினிகளைக் கைப்பற்றியது, நிலையம் படுத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போதைப்பொருள் விற்றவர் பணமும், பிணைத்தொகை பறித்தவர் பணமும் அங்கே குவிந்திருந்தன என்பது வழக்கு. ஒன்றும் அறியாமல் சிறு சேமிப்பை அங்கே வைத்தவனின் பணமும் அந்தக் குவியலிலேதான் கிடந்தது.

எக்ஸ்ச் என்று இன்னொன்று. நாணயத்தை மாற்றித் தருவோம், யாரென்று கேட்கமாட்டோம் என்று பல்லாண்டு நடத்தினார்கள். 2025 பிப்ரவரி 21-இல் பைபிட் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் களவு போயிற்று. அதில் ஒரு பங்கு இந்த வழியே மாற்றப்பட்டது. ஏப்ரல் 30-இல் ஜெர்மானியக் காவல்துறை அதன் கணினிகளைக் கைப்பற்றி, 3 கோடியே 40 இலட்சம் யூரோ மதிப்புள்ள நாணயங்களையும் பறிமுதல் செய்தது. அதனோடு அவர்கள் கைக்கு வந்தது என்ன தெரியுமா? எட்டு டெராபைட் அளவுள்ள தகவல் தொகுதி. யாரென்று கேட்கமாட்டோம் என்றவர்களிடத்தில் இவ்வளவு தகவல்! பெயரைக் கேட்காதது உண்மை. குறித்து வைக்காதது உண்மையன்று.

இவற்றைவிட நம் நாட்டோடு தொடர்புடையது குவாட்ரிகா என்ற கனடிய நிலையத்தின் கதை. அதன் உரிமையாளர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். பெட்டகத்தின் இரகசியச் சாவி அவர் ஒருவருக்கே தெரியும் என்றார்கள். 76,000 பேர் பணத்துக்குக் காத்து நின்றார்கள். ஒன்டாரியோ மாநிலப் பங்குச் சந்தை ஆணையம் விசாரித்து 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் உண்மை தெரியவந்தது. அந்த மனிதர் தம் நிலையத்திலேயே பொய்ப்பெயர்களில் கணக்குத் திறந்து, அவற்றில் இல்லாத பணத்தை இருப்பதாக எழுதி, அதைக் கொண்டு வாடிக்கையாளரின் உண்மை நாணயங்களை வாங்கிச் சூதாடித் தீர்த்திருக்கிறார். பெயரற்ற கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. நுழையும்போது ஒன்றும் கேட்காத சில நிலையங்கள், பணத்தைத் திரும்ப எடுக்கும்போது கடவுச்சீட்டைக் காட்டு, பணம் வந்த வழியைக் காட்டு என்று மறிக்கின்றன. காட்டினாலும் தவணை சொல்கின்றன. உள்ளே போவதற்கு அகலமாகவும் வெளியே வருவதற்குக் குறுகலாகவும் இருக்கும் வாயிலை எலிப்பொறி என்று சொல்வது தமிழ் வழக்கு.

உண்டியலைச் சாட்சிக்கு அழைக்காதீர்

நம் முன்னோரும் ஹவாலா நடத்தினார்களே, உண்டியலில் பணம் அனுப்பினார்களே, அதிலே என்ன அடையாள அட்டை இருந்தது என்று கேட்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஹவாலா என்ற சொல் ஃபிக்ஹு நூல்களில் ஒரு தனிப் பாடத்தின் தலைப்பு. ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றிவிடுவது அதன் பொருள். கடன்பட்டவர் யார், கடன் பெறவேண்டியவர் யார், பொறுப்பு ஏற்பவர் யார் என்று மூவரும் அறியப்பட்டிருக்க வேண்டும். தொகையும் அறியப்பட்டிருக்க வேண்டும். யாருடைய சம்மதம் கட்டாயம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆள் தெரியாத ஹவாலா எந்த மத்ஹபிலும் இல்லை.

காயல்பட்டினத்து வணிகரும் கீழக்கரை வணிகரும் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் பண்டம் அனுப்பியபோது முகம் தெரியாதவரிடமா ஒப்படைத்தார்கள்? இன்னார் மகன், இன்ன தெரு, இன்னார் வீட்டு மருமகன் என்று மூன்று தலைமுறை தெரிந்தவரிடம் ஒப்படைத்தார்கள். ஒருவன் வாக்குத் தவறினால் அவன் வீட்டில் பெண்ணெடுக்க ஆளிருக்காது. அந்த வெட்கமே அவர்களின் சட்டம். இன்று உண்டியல் வழிப் பணம் சட்டத்துக்குப் புறம்பானது. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் அன்றைய உண்டியல் முழுக்க முழுக்கப் பெயரின்மேல் நின்றது என்ற உண்மையை மறைக்கலாகாது.

எங்கள் பக்கத்து முந்திரி வியாபாரத்தையே பாருங்கள். வரதராஜன்பேட்டை கிறிஸ்தவர் மிகுதியாக வாழும் பேரூர். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று சுற்றிலும் முந்திரிக்காடு. காடு ஒருவருடையது, குத்தகை ஒருவருடையது, கொட்டை வாங்குபவர் மற்றொருவர். மூவரும் மூன்று மதத்தவராக இருப்பதும் உண்டு. முன்பணம் கை மாறும்போது அவர்களுக்கு வேண்டியது எதிரே நிற்பவர் இன்னார் என்ற நிச்சயம். அதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. சோழர் காலத்து நிலக் கொடைகளையும் விற்பனைகளையும் சொல்லும் கல்வெட்டுகளில், முடிவிலே இது இன்னாருடைய எழுத்து என்று பெயர் பெயராகக் கையெழுத்து வருவதைக் கல்வெட்டுப் படித்தவர்கள் அறிவார்கள். கல்லில் வெட்டியும் பெயர் போட்டுக்கொண்ட மண் இது.

ஒருவர் மற்றொருவருக்கு நற்சாட்சி சொல்ல வந்தபோது உமர் (ரலி) அவர்கள், நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் போயிருக்கிறீரா, தீனாரும் திர்ஹமும் கொடுத்து வாங்கியிருக்கிறீரா என்று கேட்டதாக ஓர் அறிவிப்பு நம் நூல்களில் வருகிறது. இவை எவையும் இல்லையென்றதும், அவரை நீர் அறியமாட்டீர் என்று அனுப்பிவிட்டார்கள். இன்று வங்கியில் கே.ஒய்.சி. என்று கேட்கிறார்களே, அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் உன் வாடிக்கையாளரை அறிந்துகொள் என்பதுதான். அறிந்துகொள்ளாமல் பணம் பேசாதே என்பது நமக்குப் புதிய பாடமன்று.

நம் பெயரின்மேல் விழும் சந்தேகம்

இப்போது எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்துக்கு வருகிறேன். நம் பெயரைக் கண்டாலே சந்தேகப்படுகிறார்கள். எதற்கு வலியப் போய்ப் பெயரைக் கொடுக்கவேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் எள்ளி நகையாடமாட்டேன். அதில் வேதனை இருக்கிறது. குடும்ப அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று அப்துல் காதர் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டு, நான்கு இடங்களில் திருப்பி அனுப்பப்படும் அவலம் நமக்குப் பழக்கமானது. பெயரும் தகவலும் களவு போகின்றன என்பதும் மெய். 2025 மே மாதம் கோயின்பேஸ் என்ற அமெரிக்க நிலையம், தன் வெளிநாட்டு உதவி மைய ஊழியர்களுக்கு இலஞ்சம் கொடுத்து ஏறத்தாழ 69,000 வாடிக்கையாளரின் விவரங்களை எவரோ திருடிவிட்டதாக அறிவித்தது. அடையாள அட்டைப் படங்களும் அவற்றில் இருந்தன.

தனி வாழ்வின் மறைவு மனிதனின் உரிமை. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை. 2017 ஆகஸ்ட் 24-இல் நம் உச்ச நீதிமன்றமும் அதை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தேவைக்கு மேல் கேட்காதே, கேட்டதைக் காப்பாற்று, கசியவிட்டால் ஈடு கொடு என்று நிலையங்களிடமும் அரசிடமும் உரத்துக் கேட்போம். 2023-இல் அதற்கென்று ஒரு சட்டமும் பிறந்திருக்கிறது. அந்தப் போராட்டம் வேறு. பெயரை மறைத்துக்கொண்டு ஓடுவது வேறு.

ஓடினால் சந்தேகம் குறையுமா? எண்ணிப் பாருங்கள். துபாயில் வேலை பார்க்கும் ஒருவன், அனுப்பும் செலவு மிச்சம் என்று சம்பளத்தை யு.எஸ்.டி.டி. நாணயமாக மாற்றி, முன்பின் அறியாத ஒருவனுக்கு விற்கிறான். அந்த அந்நியன் ரூபாயை ஊரிலிருக்கும் மனைவியின் சேமிப்புக் கணக்கில் போடுகிறான். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? எந்த மாநிலத்திலோ ஒரு முதியவரை மிரட்டிப் பறித்த பணமாக அது இருக்கலாம். அந்த முதியவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்கிறார். காவல்துறை பணத்தின் தடம் பிடித்து வருகிறது. முடக்கப்படுவது யார் கணக்கு? பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மாமியாரின் மருந்துச் செலவும் இருக்கும் அந்தப் பெண்ணின் கணக்கு. ‘யார் அனுப்பினார்?’ என்று அதிகாரி கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அவளுக்கும் தெரியாது, அவள் கணவனுக்கும் தெரியாது. இரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, பெயரும் இல்லை. இப்படி முடக்கப்பட்ட கணக்குகள் நாடெங்கும் இருக்கின்றன. பெயரை மறைக்கப் போனவன், தன் மனைவியின் பெயரைக் காவல்நிலையக் கோப்பில் ஏற்றிவிடுகிறான்.

அந்தப் பணத்தின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவடிப் பக்கம் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். அரசு முயற்சியால் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். அத்தகைய மோசடி முகாம்கள் தங்கள் வருவாயை மாற்ற விரும்பிப் பயன்படுத்துவது யு.எஸ்.டி.டி. நாணயத்தையே என்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2024 ஜனவரியில் எழுதியது. பெயர் கேட்காத பெட்டகத்தில் நம் ஹலாலான உழைப்பு எந்த முகாமின் பணத்தோடு கலக்கிறது என்பதை அறிய வழியே இல்லை. வயிற்றுக்குள் போகும் இறைச்சியின் அறுப்பை விசாரிக்கும் நாம், வீட்டுக்குள் வரும் பணத்தின் வழியை விசாரிக்க வேண்டாமா?

சாவியும் வாரிசும்

நிலையமே வேண்டாம், நாணயத்தை என் சொந்த வாலெட்டில் நானே வைத்துக்கொள்கிறேன் என்பாரும் உண்டு. தன் பொன்னைத் தன் பெட்டியில் வைப்பது போன்றது அது. அமானிதக் குற்றச்சாட்டு அதில் எழாது. ஆயின் அவர்களிடம் ஒரு கேள்வி. நாளை மவுத்து வந்தால் அந்தப் பெட்டி யாருடையது?

இறந்தவர் பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத மரண சாசனம், அதன்பின் வாரிசுகளின் பங்கு என்று ஷரீஅத் வரிசை வகுத்திருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இறந்தவரின் தாய்க்கு ஆறில் ஒன்று. அவை இறைவன் நிர்ணயித்த பங்குகள். வாலெட்டின் இரகசியச் சொற்களை எவரிடமும் சொல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் பொருள் பேரேட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும். விதவையின் கைக்கு ஒரு காசும் வராது. கடன் கொடுத்தவரும் கைவிரித்து நிற்பார். பெயரில்லாத சொத்துக்கு வாரிசும் இல்லை. வங்கியில் நியமனதாரர் பெயர் கேட்கும் படிவத்தைச் சலித்துக்கொண்டு நிரப்புகிறோமே, அந்தச் சலிப்பு ஒரு விதவையின் சோறு.

செய்யத்தக்கது

குறை சொல்லி நிறுத்துவது ஆலிமுக்கு அழகன்று. நம் ஜமாஅத்துகளுக்கு மூன்று சொல்லுகிறேன்.

முதலாவது, பெயர்த் திருத்தம். நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத் அலுவலகம், ஊர்ப் பிள்ளைகளின் ஆதார், பான், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயர் எழுத்தை ஒன்றாக்கிக் கொடுக்கும் பணியை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துக்கொள்ளட்டும். அடையாளம் காட்ட அஞ்சுபவரில் பலர் அடையாளம் சரியில்லாததால் அஞ்சுபவர்கள்.

இரண்டாவது, எச்சரிக்கை. உன் வங்கிக் கணக்கை மாதம் இவ்வளவு தருகிறேன், எனக்குக் கொடு என்று கேட்பவனுக்கும், உன் பெயரில் சிம் அட்டை வாங்கிக் கொடு என்று கேட்பவனுக்கும் கணக்கைக் கொடுப்பது கள்வனுக்கு ஏணி பிடிப்பதாகும் என்று ஜும்ஆ மேடையில் சொல்லப்படட்டும். பத்தாயிரம் ரூபாய் ஆசைக்குப் பெயரை வாடகைக்கு விட்ட பிள்ளைகள் வழக்குகளில் சிக்குகிறார்கள்.

மூன்றாவது, எழுத்து. கிரிப்டோவில் இறங்கித்தான் தீருவேன் என்பவர், இந்நாட்டில் பதிவு பெற்ற நிலையத்தில், தன் பெயரில், தன் வங்கிக் கணக்கு வழியே செய்யட்டும், வரியைச் செலுத்தட்டும், இருப்பது எங்கே என்று மனைவிக்கும் மக்களுக்கும் எழுதி வைக்கட்டும். இழந்தால் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போடாதிருக்கட்டும். வளைகுடாவிலிருந்து வரும் குடும்பச் செலவுப் பணம், சிறிது கட்டணம் போனாலும், இரசீது தரும் வழியிலேயே வரட்டும். அந்தக் கட்டணம் வீண் செலவன்று. சாட்சிக்குக் கொடுக்கும் கூலி.

பெற்றோரே! பெயரில்லாமல் வாழ விரும்பும் பிள்ளைக்கு நாம் பெயர் வைத்த நாளை நினைவூட்டுங்கள். ஏழாம் நாள் அகீகா கொடுத்து, ஆலிம்சாவை அழைத்து, உற்றார் கூடியிருக்கக் காதில் ஓதி வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி வாங்கட்டும். அந்தப் பெயரைச் சொல்லி விற்கட்டும். கொடுக்கல் வாங்கலில் சிக்கல் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லி நியாயம் கேட்கட்டும். கதவைத் தட்டும்போது யார் என்று கேட்கிற வீட்டுக்குள்தான், பொருள் தொலைந்தால் தேடிக் கொடுக்கும் ஆளும் இருப்பார்.